இருபதாம் வயதோடு முடியும் உரிமை: பெரம்பலூர், அரியலூரில் இளவயது மணமும் திருமண ரத்தும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் 18 வயது நிறையும் முன்பே மணமுடித்து வைக்கப்பட்ட ஒரு பெண், தனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வாய் திறக்கும்போது, சுற்றியிருப்போர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. தாலி ஏறியாயிற்று, இனிப் பேசி என்ன பயன், அனுசரித்துத்தான் போக வேண்டும், முடியவே முடியாது என்றால் வயது நிறைந்த பிறகு விவாகரத்துக்குப் போகலாம் என்பதே அந்தப் பதில். ஊர்ப் பெரியவர்களும் உறவினரும் மட்டுமல்லாமல், படித்தவர்களும் சட்டத்தோடு அன்றாடம் பழகுகிறவர்களில் சிலரும்கூட இதையே சொல்கின்றனர். இக்கட்டுரை மறுக்க முற்படுவது இந்தக் கருத்தைத்தான். சட்டத்தின்படி இது பிழை என்பது முதற்காரணம். அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருக்கும் ஓர் உரிமையை, அது இருப்பதே தெரியாத நிலையில் காலாவதியாக விடுகிறது என்பது அதைவிடக் கனமான காரணம்.

பிழை எங்கே இருக்கிறது என்று அறிய, ஒரு திருமணம் சட்டத்தின் முன் எவ்வெவ்வாறு இல்லாமற் போகிறது என்பதை முதலில் பிரித்துக் காண வேண்டும். தொடக்கத்திலிருந்தே சட்டத்தின் கண்ணுக்குத் திருமணமாகத் தோன்றாதது 'செல்லாத திருமணம்'. முதல் மனைவியோ கணவனோ உயிருடன் இருக்க, அந்த உறவு முறைப்படி முடியாத நிலையில் செய்துகொள்ளும் இரண்டாம் திருமணம் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப் பிரிவு 11இன்படி இவ்வகையைச் சேர்ந்தது. தடைசெய்யப்பட்ட உறவுமுறைக்குள் நடக்கும் திருமணமும் செல்லாததே. ஆனால் இரு தரப்பாரின் வழக்காறும் அதற்கு இடங்கொடுத்தால் தடை இல்லை என்று அச்சட்டமே விலக்கு அளித்திருப்பதால், தாய்மாமன் திருமணம் இங்கே அந்தக் காரணத்தால் செல்லாததாவதில்லை. இரண்டாவது வகை 'செல்லாததாக்கத்தக்க திருமணம்'. அதில் அடிப்படைக் குறை ஒன்று இருக்கும். எனினும் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகிக் கேட்கும்வரை அது நிலைத்திருக்கும், கேட்டுப் பெற்றுவிட்டால் செல்லாநிலைத் தீர்ப்பாணை வழங்கப்பட்டுத் திருமணம் ரத்தாகும். மணவிலக்கு இவ்விரண்டிலிருந்தும் வேறானது: முறையாக இருந்த திருமணம் ஒன்று, பின்னர் நேர்ந்த காரணத்தால் தீர்ப்பு நாளிலிருந்து முடிவுக்கு வருவது.

இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 12 இரண்டாம் வகைக்குரிய காரணங்களை எண்ணிச் சொல்கிறது. ஆண்மைக் குறைவோ அதையொத்த இயலாமையோ காரணமாக உடலுறவே நிகழாமை, ஒப்புதல் தர முடியாத அளவுக்கு மனநலக் குறைபாடு, வற்புறுத்தலாலோ மோசடியாலோ பெறப்பட்ட ஒப்புதல், திருமணத்தின்போது மணமகள் வேறொருவரால் கருவுற்றிருந்ததைக் கணவன் அறியாதிருந்தமை ஆகியவை அவை. இவற்றுள் எதைச் சொன்னாலும் மெய்ப்பித்தாக வேண்டும். வற்புறுத்தலைக் காரணம் காட்டுவோர் அது நீங்கிய ஓராண்டுக்குள்ளும், மோசடியைக் காட்டுவோர் அது தெரியவந்த ஓராண்டுக்குள்ளும் மனு செய்ய வேண்டும். அதன் பிறகு முழு மனதோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு எடுபடாது. திருமண ரத்து என்றாலே கடினமானது, மருத்துவப் பரிசோதனையையும் மானக்கேட்டையும் கூட்டி வருவது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியதற்கு இந்தப் பிரிவே ஊற்று. இளவயதில் மணம் முடிக்கப்பட்டவள் இந்த வாசல் வழியாக நுழைய வேண்டியதே இல்லை என்பதுதான் ஊரார் கருத்து மறந்துவிடும் செய்தி.

அக்கருத்து வெறுங்கற்பனையாக எழுந்ததன்று என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நீண்ட காலம் சட்டமே அவ்வாறுதான் இருந்தது. 1880களில் பம்பாயில் ருக்மாபாய், தன் விருப்பமின்றிச் சிறுவயதில் முடிக்கப்பட்ட திருமணத்தை ஏற்க மறுத்தபோது, கணவனிடம் போய்ச் சேராவிட்டால் சிறை என்று 1887இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தத் திருமணத்தை ரத்து செய்துகொள்ளும் வழி அவருக்கு இல்லை. சாரதா சட்டம் என்று தமிழகம் அறிந்த 1929ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது வரம்பு வகுத்தது. 1978ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வரம்பை 18, 21 என உயர்த்தியது. ஆனால் மீறியவர்களைத் தண்டிக்க வழி செய்த அச்சட்டம், மீறி நடந்த திருமணத்தைத் தொடவில்லை. இந்து திருமணச் சட்டமும் வயதை ஒரு நிபந்தனையாகப் பிரிவு 5இல் வைத்துவிட்டு, செல்லாமையைப் பேசும் பிரிவுகள் 11, 12 இரண்டிலும் வயதைச் சேர்க்காமல் விட்டது. ஆகவே நடத்தி வைத்தது குற்றம், நடந்த திருமணமோ செல்லும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடாக இருந்தது. தாலி ஏறிய பின் ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தத் தலைமுறையினர் அன்றைய சட்டத்தைப் பெரிதும் சரியாகவே சொன்னார்கள்.

அந்த நிலை 2007 நவம்பர் 1 அன்று மாறியது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 23ஆம் நாள் அரியலூர், பெரம்பலூரிலிருந்து மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 2001இல் உருவாகி அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டிருந்த மாவட்டம் அது. இன்றுள்ள அரியலூர் மாவட்டம் பழைய சட்டத்தின் கீழ் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இருந்தும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் காலாவதியான சட்டமே இன்றும் வாய்மொழியாக ஆண்டுகொண்டிருக்கிறது.

புதிய சட்டத்தின் பிரிவு 3 என்ன சொல்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திருமண நாளில் குழந்தையாக இருந்தவர், அதாவது 18 நிறையாத பெண் அல்லது 21 நிறையாத ஆண், தம் விருப்பப்படி அத்திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். மனு செய்யும் உரிமை அவருக்கு மட்டுமே உரியது. மாமனாருக்கோ, பஞ்சாயத்தாருக்கோ, திருமண நாளில் வயது நிறைந்திருந்த கணவனுக்கோ அது கிடையாது. மனு செய்யும்போதும் அவர் 18 வயதுக்குட்பட்டவராகவே இருந்தால், காப்பாளரோ அவர் சார்பில் வழக்கு நடத்த முன்வரும் நலன்விரும்பி ஒருவரோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரையும் சேர்த்துக்கொண்டு மனு செய்ய வேண்டும்; தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலரே இப்பொறுப்பை வகிக்கிறார். உரிய வயதை எட்டி இரண்டாண்டு முடியும் முன் மனு பதிவாகிவிட வேண்டும். பெண்ணைப் பொறுத்தவரை இதன் பொருள், 20 வயது நிறையும்வரை கதவு திறந்திருக்கிறது என்பது.

இப்பிரிவில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். வற்புறுத்தப்பட்டதாக மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாகச் சொல்லத் தேவையில்லை. உடலுறவு நிகழவில்லை என்று காட்டத் தேவையில்லை. கணவன் கொடியவன், குடிகாரன், அடித்தான் என்று எதையும் சாட்டத் தேவையில்லை. இரண்டே உண்மைகள் போதும்: இன்ன நாளில் திருமணம் நடந்தது, அன்று மனுதாரருக்கு இத்தனை வயது. இரண்டாவது உண்மைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அது இல்லாத வீட்டிலும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பெரும்பாலும் இருக்கின்றன. முதல் உண்மைக்குச் சற்று முயற்சி தேவை; இத்தகைய திருமணங்களுக்குப் பத்திரிகை அடிப்பதைத் தவிர்த்து, விடியுமுன் ஏதேனும் ஒரு கோயிலில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டதால், கைப்பேசியில் எடுத்த படமும், உடனிருந்த உறவினர் ஒருவரின் வாக்குமூலமும் சான்றாக நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் மெய்ப்பிக்க வேண்டியது.

விவாகரத்தே போதுமே என்பாருக்கு இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். விவாகரத்து மனுவைத் திருமணமாகி ஓராண்டு கழியாமல் பொதுவாகத் தொடுக்க முடியாது. எதிர்த்து நடக்கும் வழக்கென்றால் கொடுமையையோ கைவிட்டுச் சென்றதையோ சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். இருவரும் ஒப்பினாலோ ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து கிடைக்கும் தீர்ப்பு, அவள் முறைப்படி மனைவியாக இருந்தாள், இனி இல்லை என்கிறது. செல்லாநிலைத் தீர்ப்பாணை இதற்கு மாறானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, டி. சிவக்குமார் எதிர் திருவள்ளூர் நகரக் காவல் ஆய்வாளர் என்னும் வழக்கில் 2011 அக்டோபரில் இதைத் தெளிவாக்கியது: குழந்தைத் திருமணம் ரத்து செய்யப்படுமானால் அந்த ரத்து திருமண நாளிலிருந்தே செயற்படும், இருவருக்கும் இடையே ஒருபோதும் திருமணமே நடக்கவில்லை என்று சட்டம் கொள்ளும். 19 வயதுப் பெண் தன் படிவங்களில் எதை எழுதுவது, அடுத்து வரும் வாழ்க்கையில் எந்தப் பெயரைச் சுமப்பது என்ற கேள்விகளுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: குறித்த காலத்துக்குள் மனு செய்யாவிட்டால் அத்திருமணம் குறையற்ற முழுத் திருமணமாகிவிடும். அனுசரித்துப் போ, அப்புறம் பார்க்கலாம் என்று காலம் தாழ்த்தச் சொல்லும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்தக் குறையைப் போக்கித் திருமணத்தைக் கெட்டிப்படுத்தும் வேலையையே செய்கிறார்கள்.

1976இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு வழியைச் சிலர் நினைவூட்டக்கூடும். 15 வயதுக்கு முன் மணம் முடிக்கப்பட்ட பெண், 15க்கும் 18க்கும் இடையில் அத்திருமணத்தை மறுத்துவிட்டால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்பது அது. பதினாறிலும் பதினேழிலும் மணமுடிக்கப்பட்டவர்களை அது தொடவே தொடாது. தொடக்கூடியவளும், எந்தப் பெற்றோர் மணமுடித்து வைத்தார்களோ அவர்கள் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருந்துகொண்டு, 18 நிறையும் முன்பே தன் மறுப்பைத் தெரிவித்தாக வேண்டும். சட்டப் புத்தகத்தில் இருப்பதைத் தவிர வேறு பயன் காண்பது அரிது.

அடுத்து, வாழ்ந்து முடித்தாயிற்று, வயிற்றில் பிள்ளையும் வந்துவிட்டது, இனி எப்படி ரத்து என்னும் வாதம். இதுவே ஊரில் அதிகம் செல்லுபடியாகும் வாதம். பெண்ணின் வாயை அடைக்கும் வாதமும் இதுவே. சேர்ந்து வாழ்ந்ததோ கருவுற்றதோ பிரிவு 3இன் உரிமையை அழிப்பதில்லை. அப்படி ஒரு நிபந்தனை அப்பிரிவில் எழுதப்படவில்லை. பிள்ளை முறைகேடாகிவிடும் என்ற அச்சத்துக்குப் பிரிவு 6 நேரடியாகப் பதில் தருகிறது: ரத்துக்கு முன் பிறந்த குழந்தையும், கருவில் உருவான குழந்தையும், எல்லா வகையிலும் முறைப்படி பிறந்த குழந்தையாகவே கொள்ளப்படும். அக்குழந்தை யாரிடம் வளர்வது, அதன் பராமரிப்புக்கு யார் பணம் தருவது என்பதைப் பிரிவு 5இன்படி அதே நீதிமன்றம் முடிவு செய்கிறது. பெண்ணுக்கு அவள் மறுமணம் செய்துகொள்ளும்வரை ஜீவனாம்சம் தரக் கணவனுக்கும், அவனும் வயது நிறையாதவனாயின் அவன் பெற்றோருக்கும், பிரிவு 4இன்படி உத்தரவிடலாம். அவள் தங்க இடத்துக்கும் வழி செய்யலாம். ரத்து என்பது வெறுங்கையோடு அனுப்பிவிடுவது என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவுகளைப் படித்ததில்லை.

கருவுற்ற பெண்ணை அரசு எங்கே சந்திக்கிறது என்பதையும் இங்கே காண வேண்டும். மகப்பேறு நிதியுதவிக்கும் பேறுகாலப் பராமரிப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து பிக்மி எண் பெற வேண்டும்; அங்கே ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு தெரிந்துவிடுகிறது. 18 நிறையாத பெண் கருவுற்றிருப்பதை அறிந்தவர்கள் போக்சோ சட்டத்தின் பிரிவு 19இன்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது, கணவன் கைதாகிறான், குழந்தைகள் நலக் குழுவின் முன் பெண் நிறுத்தப்படுகிறாள், வாக்குமூலம் எழுதப்படுகிறது. இத்தனை மேசைகளைக் கடந்து வரும் அவளை அரசு ஒவ்வொரு மேசையிலும் சாட்சியாகவோ பாதிக்கப்பட்டவளாகவோ காண்கிறது. மனுதாரராக அவளுக்கு ஓர் உரிமை உண்டு, அதற்கு ஒரு கடைசி நாளும் உண்டு என்பதை எந்த மேசையிலும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குற்ற வழக்கு அரசுக்கும் கணவனுக்கும் இடையிலானது. அவன் தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும் திருமணம் அப்படியே நிற்கிறது. திருமணத்தைப் பற்றி அவள் நினைப்பதைக் கேட்கும் ஒரே நடவடிக்கை பிரிவு 3இன் மனுதான்.

சிறை அச்சம் இதனோடு பின்னிக் கிடப்பதை மறைப்பதற்கில்லை. ரத்துக் கோரி மனு போட்டால் அப்பாவையும் மாமனையும் உள்ளே தள்ளியதாகும் என்பது, குறிப்பாக அத்தை வீட்டுக்கோ தாய்மாமனுக்கோ வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு, பொய்யான பயம் அன்று. குழந்தைத் திருமணம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடமுடியாத குற்றம். 18 வயதுக்கு மேற்பட்ட ஆண் செய்துகொண்டால் இரண்டாண்டு வரை கடுங்காவலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நடத்தி வைத்தவருக்கும் உடந்தையான பெற்றோருக்கும் அதே அளவு தண்டனை உண்டு, பெண்களுக்கு மட்டும் சிறைத் தண்டனை இல்லை. எனினும் ரத்து மனு உரிமையியல் நடவடிக்கை. அதைத் தொடுக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. தவிரவும், மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்பதற்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு இருப்பதால், 15 வயதில் மணமுடிக்கப்பட்டு 19ஆம் வயதில் ரத்துக் கோருபவளின் பெற்றோர் மீது இச்சட்டத்தின் கீழ் புதிதாக வழக்குப் பாய்வதற்கான வாய்ப்பு சாதாரணமாக இராது. போக்சோ குற்றச்சாட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதும் அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். முழு உண்மையையும் கேட்டு முடிவெடுப்பது அவள் உரிமை. பாதி உண்மையைச் சொல்லி அவளைப் பயமுறுத்தி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

பெற்றோரைத் தயங்க வைப்பது சிறை மட்டுமன்று, போட்ட நகையும் கொடுத்த சீரும்கூட. பஞ்சாயத்தில் பேசி முடிக்கும்போது முதலில் பேரம் பேசப்படுவது அதுவே. பெண் விலகிப் போவதாயிருந்தால் நகையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கப்படுவதும் உண்டு. சட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. செல்லாநிலைத் தீர்ப்பாணை வழங்கும்போதே, திருமணத்தை ஒட்டி மறுதரப்பிடமிருந்து பெற்ற பணம், நகை, மதிப்புள்ள பொருள்கள், அன்பளிப்புகள் ஆகியவற்றையோ அவற்றின் மதிப்பையோ இரு தரப்பாரும் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று பிரிவு 3 பணிக்கிறது. முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வாங்கும் விடுதலைப் பத்திரத்துக்கு இந்த வலு கிடையாது. அத்தகைய விலகலை அனுமதிக்கும் வழக்காறு தங்கள் சமூகத்தில் இருப்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க முடிந்தாலொழிய, அந்தத் தாள் திருமணத்தை முடித்து வைப்பதே இல்லை. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவள், முதல் கணவன் இருக்க இரண்டாவது மணம் புரிந்தவளாகிவிடும் ஆபத்தில் நிற்கிறாள்.

மதத்தைக் காட்டி விலக்குக் கேட்பவர்களுக்கும் இங்கே இடமில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்கள் என்னும் சிறு பிரிவினருக்கு மட்டும் விலக்களித்த இச்சட்டம், மற்றபடி எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும்படியே இயற்றப்பட்டுள்ளது. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை போன்ற கத்தோலிக்க ஊர்களில் திருச்சபை நீதிமன்றம் தரும் திருமண ரத்தே போதுமானது என்ற நம்பிக்கையும் உண்டு. அது சமய வாழ்வுக்குப் போதும். நாட்டுச் சட்டத்தின் முன் அதற்குச் செல்லுபடி இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் மோலி ஜோசப் வழக்கில் சொல்லி, திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட ஏற்புக் கோரிய பொதுநல மனுவை 2017இல் தள்ளுபடி செய்தது.

இதுவரை மறுக்கப்பட்டது ஊரார் கருத்து. மறுபுறத்திலிருந்து, அதாவது சீர்திருத்தம் விரும்புவோரிடமிருந்து, இன்னொரு கருத்தும் வலுத்து வருகிறது: பெண்ணிடம் விட்டுவைப்பானேன், குழந்தைத் திருமணம் ஒவ்வொன்றும் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவித்துவிட்டால் போயிற்று என்பது. கர்நாடகம் அவ்வாறே சட்டம் திருத்தியது. உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் பிற மாநிலங்களும் அவ்வழியை மேற்கொள்வது அறிவுடைமை என்றது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் மேலே சொன்ன ஜீவனாம்சம், உறைவிடம், குழந்தையின் முறைமை, நகை திரும்பப் பெறல் அனைத்தும் மத்தியச் சட்டத்தில் பிரிவு 3இன் தீர்ப்பாணையோடு கட்டப்பட்டிருக்கின்றன. தீர்ப்பாணையே தேவையில்லை என்று ஆக்கும்போது இவற்றை எங்கே கட்டுவது என்பதற்கு விடை வேண்டும். செல்லாது என்று சட்டம் சொல்லிவிட்டதாலேயே, எந்த வழக்குமின்றி, ஒரு கைக்குழந்தையோடு அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போகக் கணவன் வீட்டாருக்கும் அது வசதியாகிவிடும். முற்றிலும் செல்லாத நிலையை 2006ஆம் ஆண்டுச் சட்டமும் சில இடங்களில் வைத்திருக்கிறது: கடத்தியோ, ஏமாற்றியோ, விலைக்கு விற்றோ நடத்தப்பட்டவையும், நீதித்துறை நடுவரின் தடையாணையை மீறி நடந்தவையும் அவை. இந்தக் கடைசி வகை போதிய அளவு பயன்படுவதில்லை. திருமணத்தைத் தடுக்கப் போகும் அலுவலர்கள் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கமாயிருக்கிறது. எழுதிக் கொடுத்ததை மீறி அடுத்த வாரம் வேறு மாவட்டத்துக் கோயிலில் தாலி கட்டினால் அத்திருமணம் நிற்கும். பிரிவு 13இன்படி தடையாணை பெற்றிருந்தால் அதே திருமணம் பிறக்கும்போதே செல்லாததாகியிருக்கும்.

தெரிவை அவளிடமே விட்டிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இளவயதுத் திருமணங்கள் எல்லாமே பெற்றோர் திணித்தவை அல்ல. பதினாறிலும் பதினேழிலும் காதலித்து, சாதி குறுக்கே நிற்க, வீட்டைவிட்டுச் சென்று மணந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். முழு அமர்வின் முன் வந்த வழக்கே மகளைத் தேடி ஒரு தந்தை தொடுத்த ஆட்கொணர்வு மனுவிலிருந்து எழுந்தது. எல்லாமே தானாகச் செல்லாது என்ற நிலையில், சாதிக்காக மகளைப் பிரித்து இழுத்துச் செல்ல விரும்பும் வீட்டாருக்குச் சட்டமே கைகொடுக்கும். வயது நிறைந்தபின் அந்தப் பெண் தானே சொல்லட்டும் என்று காத்திருக்கும் பிரிவு 3 அவளை மதிக்கிறது. ஆகவே, வயது நிறையாத மகளின் பெயரால் காப்பாளராக வந்து ரத்துக் கோரும் தந்தையோடு சமூகநல அலுவலர் சேர்ந்து கையொப்பமிடும் முன், அப்பெண்ணைத் தனியே சந்தித்து அவள் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். சட்டம் அவரையும் மனுவில் சேர்க்கச் சொல்வதற்கு இதைவிட வேறு நல்ல காரணம் இருக்க முடியாது.

நீதிமன்றம் தொலைவு, செலவு தாங்காது என்ற தயக்கத்துக்குப் பதில் சுருக்கமானது. குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்திலும் மனு செய்யலாம். மனு நாளில் அவள் எங்கே வசிக்கிறாளோ அந்த ஊருக்குரிய நீதிமன்றமே போதும் என்று பிரிவு 8 இடம் தருகிறது. சேலத்துக்கோ கடலூருக்கோ கட்டிக்கொடுக்கப்பட்டுத் தாய்வீடு திரும்பியவள் பெரம்பலூரிலோ அரியலூரிலோ வழக்குத் தொடுக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இரு மாவட்டத் தலைநகர்களிலும் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. ராஜஸ்தானின் ஜோத்பூரில், ஒரு வயதில் மணமுடித்து வைக்கப்பட்ட பெண்ணுக்குக் கிருதி பார்தியின் சாரதி அறக்கட்டளை துணைநின்று, 2012இல் குடும்ப நீதிமன்றத்தில் ரத்துப் பெற்றுத் தந்தது. அங்குள்ள பஞ்சாயத்துகளின் பிடி இங்குள்ளதைவிடத் தளர்வானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18க்கு முன் மணமானவர்கள். தடுத்து நிறுத்திய திருமணங்களைப் பெருமையோடு அறிவிக்கும் நிர்வாகம், தடுக்க முடியாமற் போனவற்றுள் எத்தனை பெண்களுக்கு ரத்து உரிமை எடுத்துச் சொல்லப்பட்டது என்பதையும் அறிவிக்க வேண்டும். இரண்டாண்டு வரம்பை ஐந்தாண்டாக நீட்டக் கருதிய 2021ஆம் ஆண்டு மசோதா, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. ஆகவே இருக்கும் இரண்டாண்டு வீணாகக் கூடாது. வேறு பணிச்சுமை இல்லாத தனித் தடுப்பு அலுவலர் மாவட்டந்தோறும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் வலியுறுத்தியிருக்கிறது. அந்த அலுவலர் செய்யக்கூடிய முதற்காரியத்துக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. சமூகநல அலுவலகத்துக்குத் தெரியவந்த ஒவ்வொரு திருமணத்துக்கும் பதிவேட்டில் பெண்ணின் பிறந்த தேதி இருக்கிறது. அதனருகே அவளுக்கு 20 வயது நிறையும் நாளைக் குறிக்க ஒரு பத்தி சேர்த்து, அவள் 18ஐத் தொடும் மாதத்தில், எப்படியும் வீட்டுக்கு வந்துபோகும் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக, மாமியார் கண்ணில் படும் தபாலாக அன்றி நேர்ப்பேச்சாக, இன்ன நாளுக்குள் இன்ன இடத்துக்கு வந்தால் இலவசமாக மனு எழுதித் தருவார்கள் என்று அவளிடம் தெரிவித்து, தெரிவித்த நாளையும் அவள் சொன்ன பதிலையும் அதே பத்தியில் எழுதி வைக்க வேண்டும்.